அவரைக் குடுவை

தலைநகரிலிருந்து மாதம் ஒரு குணம் வரும்,
பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையில்,
மூலையில் ஒரு சிரிக்கும் சூரியனோடு.
மார்ச்சுக்கு மரியாதை. ஏப்ரலுக்குப் பொறுப்பு.
மே மாதக் குணம் படகில் நனைந்து
'ஈகை'யில் பாதி மை கரைந்து வந்தது.

சிலோயேவுக்கு அப்பால், வரைபடத்தில்
ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு எங்களுடையது.
பதினொரு பிள்ளைகள். ஒரு விறகடுப்பு. நான்.
முக்கால்வாசி நாள் மழை.
மீதி நாளில் கூரை சொட்டும்.

சுற்றறிக்கை சொன்னது:
நற்செயல் ஒன்றுக்கு அவரை விதை ஒன்று,
கண்ணாடிக் குடுவை நிறைந்தால் கொண்டாட்டம்.
செய்தேன். வேலைக்கு வந்து ஒன்பது மாதம்,
சொன்னதைச் செய்கிற பருவம் எனக்கும்.

முதல் வாரமே
தீவில் அறம் பெருக்கெடுத்தது.
எலிசார் ரப்பரைத் தவறவிடுவான்,
டானிட்சா பாய்ந்து எடுத்துக் கொடுப்பாள்.
அடுத்த மணியில் அவள் தவறவிடுவாள், அவன் எடுப்பான்.
ஒரே நாளில் அந்த ரப்பர் பதினேழு முறை விழுந்தது.
யார் முதலில் திறந்துவிடுவது என்று இருவர் அடித்துக்கொண்டதில்
கதவின் கைப்பிடி கழன்று வந்தது.
நான் எண்ணி எண்ணிப் போட்டேன்,
வட்டிக்கடைக்காரியைப் போல.

யெர்க்கோவின் பெயரில் ஒன்றுகூட விழவில்லை.
கெட்டவன் இல்லை.
ரப்பரைத் தவறவிடத் தெரியாதவன்,
பிறர் ரப்பர் கிடந்தால் தாண்டிப் போகிறவன்.

ஒரு வியாழன் காலை காற்று வடக்குக்கு மாறியது.
துறைமுகம் மூடல் என்றது வானொலி.
ஏழு பேரை வீட்டார் நடந்து வந்து கூட்டிப் போனார்கள்.
அக்கரைப் பிள்ளைகள் நால்வர் மிஞ்சினார்கள்.
திங்களன்றே வரவேண்டிய சரக்கும் வந்திருக்கவில்லை.
சமையற்காரி ஓர்ஃபெலினா அலமாரியைத் திறந்து காட்டினாள்:
ஆறு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், உப்பு.
பிறகு வகுப்பறைக்குள் வந்து
குடுவையை நெடுநேரம் பார்த்தாள்.
"இந்த அவரை பழசா?" என்றாள்.
எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

மூன்று தண்ணீரில் கழுவினோம்.
பென்சில் தூளும் விரல் அழுக்கும் மிதந்தன.
ஊறவைத்து, மாலை நான்குக்கு உலையில் போட்டோம்.
கொதியில் ஏறி இறங்கின
பதினேழு முறை விழுந்த ரப்பரும்
கைப்பிடி கழன்ற கதவும்
பாதி பொய்யான நன்றிகளும்.
உப்புப் போட்டபிறகுதான் வாசம் வந்தது.

டானிட்சா தட்டைக் குனிந்து பார்த்து
"இதில் நாற்பத்தொன்று என்னுடையது" என்றாள்.
கரண்டியால் கிளறித் தேடினாள்.
வெந்த அவரைக்கெல்லாம் ஒரே முகம்.

யெர்க்கோ வாசலிலேயே நின்றான்.
"நான் ஒண்ணும் போடலையே, டீச்சர்."

சுவரைப் பார்த்தேன். சூரியன் சிரித்தது.
சுற்றறிக்கையின் எந்தப் பத்தியிலும்
இதற்குப் பதில் இல்லை,
என் வாயிலும் இல்லை.
கடைக்குட்டி மிலென், ஆறு வயது,
கன்னம் புடைக்க மென்றுகொண்டே சொன்னாள்:
"ஆறிடும்டா, வா."

வந்தான். இரண்டாம் முறையும் வாங்கித் தின்றான்.
டானிட்சா எப்போது எண்ணுவதை விட்டாள்
என்பதை நான் கவனிக்கவில்லை.

இரவு அடுப்போரம் நால்வருக்கும் இரண்டு கம்பளி.
கூரைத் தகரம் விடியும்வரை அடித்துக்கொண்டது.
தீ தாழும்போதெல்லாம் யாரோ எழுந்து
சத்தமில்லாமல் விறகு வைத்தார்கள்.
கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன்.
பார்த்திருந்தால்
எண்ணியிருப்பேன்.

மே அட்டையின் பின்பக்கம் ஒரு படிவம்:
'மாத இறுதியில் குடுவையில் எத்தனை விதைகள்?'
கட்டத்துக்குள் எழுதினேன்: தின்றுவிட்டோம்.
அடித்தேன்.
மறுபடியும் அதையே எழுதினேன்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஜூன் மாதக் குணம் நேர்மை என்று கேள்வி.
படகு இன்னும் வரவில்லை.