இருபத்தேழு வரை

'கடந்த இரண்டு வாரங்களில்' என்றுதான்
ஒவ்வொரு கேள்வியும் தொடங்கும்.
ஒன்பது கேள்விகள்.
அறவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல்,
அநேகமாகத் தினமும்.
பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்.
இருபத்தேழுக்கு மேல் போகிற துயரத்துக்கு
இந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கிரிம்ஸ்பியில், மூடிப்போன ஒரு வங்கியின் மாடியில்
பேச்சுச் சிகிச்சை படிக்கிறேன்.
பயிற்சிக்காலச் சம்பளம், வாரத்தில் ஒருநாள் பல்கலைக்கழகம்,
நாற்பத்தாறு வயதில் மாணவர் அட்டை.
அதை நீட்டி சினிமா டிக்கெட்டில் தள்ளுபடி கேட்டபோது
என் மகன் டோபி
முன்பின் தெரியாதவன்போல்
பாப்கார்ன் வரிசைக்கு நகர்ந்துவிட்டான்.

இதற்கு முன் பதினோரு வருடம்
எரிவாயுக் கட்டண பாக்கி வசூல்.
அங்கேயும் இதே ஹெட்செட்.
அங்கேயும் வலது காதின் மேல் இதே புண்.

நேர்காணலில் மூன்று பேர்.
"ஏன் இந்த வேலை?"
ஒத்திகை பார்த்த பதில் தொண்டையில் நின்றுகொள்ள
வேறொன்று வந்தது:
"கையில் காசில்லாதவரின் மௌனம் வேறு,
கட்ட மனமில்லாதவரின் மௌனம் வேறு.
எனக்கு வித்தியாசம் தெரியும்.
தெரிந்தேதான் இரண்டு பேருக்கும்
ஒரே கடிதத்தை அனுப்பினேன்."
ஒருவர் எழுதுவதை நிறுத்தினார்.
போச்சு என்று நினைத்துக்கொண்டு
துறைமுகச் சாலையில் சிப்ஸ் வாங்கித் தின்றேன்.
வினிகர் அதிகம்.

இன்று பத்தரைக்கு திரு. டௌஸ்.
மீன் வெட்டும் ஆலையில் இரவுப் பணி,
ஆறு வாரமாக மருத்துவ விடுப்பு.
எதிலும் நாட்டமில்லாமல்?
"மூணு."
மனம் சோர்ந்து?
"மூணு போட்டுக்கோங்க."
தூக்கம் என்று ஆரம்பித்தேன்.

"உங்க குரல் எனக்குத் தெரியும்," என்றார்.
"நவம்பர் மாசம்.
நானூத்திப் பன்னிரண்டு பவுண்டு."

விரல் தானாக
ஒலியடக்கும் பொத்தானுக்குப் போயிற்று.
பழைய பழக்கம்.
அங்கே அதை அழுத்திவிட்டுத்தான் பெருமூச்சு விடுவோம்.
அழுத்தவில்லை.
என் மூச்சு அவர் காதில் விழுந்திருக்கும்.

"நான்தான்," என்றேன்.
"வேற ஒருத்தர்கிட்ட மாத்திவிடச் சொல்றேன். இப்பவே சொல்றேன்."

"அன்னிக்கும் ஒரு கேள்வி கேட்டீங்க.
வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையான்னு.
இல்லைன்னேன்.
ஜூலி பக்கத்து ரூம்ல ஆக்சிஜனோட படுத்திருந்தா."

"வேகமாக் கேட்டிருப்பேன்."

"ரொம்ப வேகமா."

பழைய அலுவலகத்தில்
நாலு நொடிக்கு மேல் யாரும் பேசாவிட்டால்
திரையின் ஓரம் சிவக்கும்.
இங்கே எதுவும் சிவக்கவில்லை.
கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள்,
அதன் பீப் பீப்
அவருக்கும் கேட்டிருக்கும்.

"மூணாவது என்ன?"
"தூக்கம்."
"மெதுவாக் கேளுங்க."

கேட்டேன்.
பசி. அசதி. தன்மேல் வெறுப்பு.
ஒவ்வொன்றுக்கும் இடையில்
ஒரு தேநீர் ஆறும் நேரம்.

ஒன்பதாவது, எல்லோரும் வேகமாகத் தாண்டுகிற கேள்வி.
"ஒண்ணு," என்றார்.
பிறகு, "எழுதாதீங்க."
பிறகு, "சரி, எழுதுங்க.
ரெண்டு."

அதன்பின் நாற்பது நிமிடம் பேசினோம்.
அந்த நாற்பது நிமிடம்
இந்தக் கவிதைக்குள் வராது. அது அவருடையது.

மாலையில் மேற்பார்வையாளர் இஃபியோமா
இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு
முழுவதையும் கேட்டார்.
அடுத்த வாரத்திலிருந்து அவர் பிராங்க்லினிடம்.
போவதற்கு முன் அவர் எனக்கு நன்றி சொன்னாரா
என்று கேட்கிறான் டோபி.
இல்லை.
அடுத்த அழைப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டு
எழுதிக்கொண்டார்.
பேனா எழுதாமல் அதை உதறுகிற சத்தம் கேட்டது.

அறிவிப்புப் பலகையில் காலியிடங்கள்:
ஹல்லில் இரண்டு, லிங்கனில் ஒன்று.
முன் அனுபவம் விரும்பத்தக்கது என்கிறார்கள்.
எந்த அனுபவம் என்று சொல்லவில்லை.

அவர் பெயர் டௌஸ் இல்லை.
மனைவி பெயரும் வேறு. மாதமும் நவம்பர் இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டை மட்டும்
என்னால் மாற்ற முடியவில்லை.