ஒரு விரற்கடை

ஏற்காடு இறக்கத்தில், ஒன்பதாவது கொண்டை ஊசியில்
பிரேக் லிவர் டீயில் நனைத்த பன் மாதிரி அமுங்கியது.
தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.
இருபத்தோரு வயது சிபிஇசட்.
ரப்பர் குழாய்க்கும் அதே வயது,
சூடேறினால் உப்புகிறது.

நாலு ரோட்டில் ஜமாலுதீன் மூன்றைப் பரப்பினார்:
கறுப்பு உறை, சிவப்பு உறை,
உறையே இல்லாத எஃகுப் பின்னல்.
கை அதற்குத்தான் போனது.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவள் நான்,
பேச்சில் வைக்கத் தெரியாது.
"இது பெயிண்டை அரம்போல் தின்னும்" என்றேன்.
கறுப்பை என் பக்கம் தள்ளினார்.

நீளம் கேட்டார்.
பையிலிருந்த நூலை நீட்டினேன்:
முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் முழுக்க இறங்கியபின்,
ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி அளந்தது.
அவரிடம் இருந்தது ஒரு விரற்கடை குறைவு.
"இழுத்தா வந்துடும்மா."

கொலுசு இறுகினால்
கணுக்கால் சிவக்கும், அவ்வளவுதான்.
இது இறுகினால் வளைவில்தான் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து வர எட்டு நாள்.
அதுவரை டவுன் பஸ், முன்சீட்டு.
டிரைவர் மிதிக்கும்போதெல்லாம்
என் வலதுகையில்
இரண்டு விரல் மடங்குகிறது.