பதினாறு ஓம்

பெய்ஸ்லியில், டயர் கடைக்கு மேல்மாடி.
நவம்பர் மழை தகரக் கூரையில்
யாரும் கேட்காத தாளம் போட்டுக்கொண்டிருந்தது.
நாலு ஸ்பீக்கர் பெட்டிகளைப் படியேற்றியாயிற்று.
ஏற்றியது நானும் ரூரியும்.
தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஓட்டு கிடையாது,
நான் டிரம்ஸ்.

ஃபிண்ட்லேவின் ஆம்ப் அவனைவிட ஒன்பது வயது மூத்தது.
வால்வுகள் சூடேற இரண்டு நிமிடம்.
அதுவரை ஒருவரும் பேசமாட்டோம்,
அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி
அந்த ஆரஞ்சு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

"ஆம்ப் பதினாறு ஓம். பெட்டி?"
கேட்ரியோனா டார்ச்சோடு குப்புறப் படுத்தாள்.
போன வசந்தத்தில் ஒருவன்
பார்க்காமல் எட்டில் செருகினான்.
டிரான்ஸ்ஃபார்மர் கருகிய வாடை
என் மழைக்கோட்டில் இன்னும் இருக்கிறது.

முதலாவது, முதுகு அடைத்த பெட்டி.
பன்னிரண்டு அங்குலத்தில் நான்கு.
ஒரே ஒரு ஈ கார்டு,
என் கால்சட்டைக்குள் காற்று புகுந்து வெளியேறியது.
சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு
வாசலை அடைத்து நிற்கிற ஆள் அது.

இரண்டாவதுக்கு முதுகே இல்லை.
பாதி நம்மிடம் பேசும், பாதி சுவரிடம்.
பாத்திரம் கழுவிக்கொண்டே கதை சொல்பவர் போல
அறை முழுக்க இருக்கும்,
எங்கே என்று விரல் நீட்ட முடியாது.

மூன்றாவது புத்தம் புதுசு.
ஒவ்வொரு சுரமும் இஸ்திரி போட்டு வந்தது.
ஃபிண்ட்லே பாதியில் கையை எடுத்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கேட்ரியோனா அதன்மேல்
தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

நாலாவதை கில்மார்னக்கில் ஒரு தேவாலயச் சந்தையில்
வாஃபிள் இரும்போடு சேர்த்துக் கொடுத்தார்கள்.
எலி வாடை.
இடது கீழ் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து,
யாரோ ஒருத்தியின் சிவப்பு நகச்சாயத்தால் ஒட்டியிருந்தது.
முதலில் செருமியது.
வால்யூமை ஏழுக்குத் திருப்பியதும்
அந்தக் கிழிசலிலிருந்து
ஒரு கரகரப்பு எழுந்து வந்து
கார்டின் ஓரத்தைக் கடித்தது.
கீழே நட்டுக் கழற்றும் சத்தம் நின்றது.
மழையும் நின்றது என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை.

"கண்ணுக்கு ஓட்டு வேண்டாம், திரும்பி நில்லுங்கள்"
என்றான் ஃபிண்ட்லே.
ஜன்னலைப் பார்த்து நின்றோம், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.
நனைந்த பேருந்து ஒன்று போனது.
முதுகுக்குப் பின்னால் ஒயர் பிடுங்கும் ஓசை,
செருகும் ஓசை,
ஒரே வாசிப்பு மூன்று முறை.

ரூரி: இரண்டாவது, சந்தேகமே இல்லை.
கேட்ரியோனா: மூன்றாவதில்தான் அடிவயிறு இருந்தது.
என்னைக் கேட்கவில்லை.
இருந்தும் முதலாவது என்றேன்.

"மூன்றும் ஒரே பெட்டிதான்."
அவன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி
அதிலேயே மாட்டியிருக்கிறான்.
ரூரி இன்னும் இரண்டாவதுக்காக
வாதாடிக்கொண்டிருந்தான்.
எந்தப் பெட்டி என்று மட்டும்
ஃபிண்ட்லே வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி டண்டீயில் கச்சேரி.
வேனில் என் பேஸ் டிரம்மும் மற்றவையும் ஏறிய பிறகு
டேப் வைத்து அளந்தேன்,
மிச்சம் இருபத்தாறு அங்குலம்.
முதுகில்லாதது தாராளமாக நுழையும்.
ரூரி அதை வாசல்வரை தூக்கியும் வந்துவிட்டான்.

மேலே ஃபிண்ட்லே விளக்கை அணைத்துவிட்டு
அணைத்த இருட்டில் நின்றான்.
அவன் உள்ளங்கை
நாலாவதின் தலையில் இருந்தது,
காய்ச்சல் பார்ப்பது போல.

நான் திரும்பப் படியேறினேன்.
ஃப்ளோர் டாமை இறக்கி
அந்தப் புதுப் பெட்டியின் பக்கத்தில்,
ஆறிய தேநீருக்குத் துணையாக வைத்தேன்.
பெட்டியின் ஒரு முனையை அவன் பிடித்தான்.
மறுமுனை, வழக்கம்போல, கனமான பக்கம்.

வழியெல்லாம் யாரும் எதையும் கேட்கவில்லை.
மேடையில், இரண்டாம் பாட்டின் நடுவே
பழக்கத்தில் என் வலது கை
இல்லாத டாமை அடிக்கப் போய்
காற்றைத் தொட்டது.
அந்த இடைவெளியில்
நகச்சாயம் கத்தியது.