பதிப்பு வரலாறு

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு என்று
போர்டில் இருக்கிறது.
போர்டில் இல்லாத வேலைதான் அதிகம்.

'போன் நிறைஞ்சிருச்சாம், படம் எடுக்க மாட்டேங்குது'
என்று நீட்டினார் அரிசி மண்டி அடைக்கலம்.
உள்ளே நாலாயிரம் காலை வணக்கம்:
ரோஜா, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி.
படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினேன்,
இறங்கியதை மொத்தமாகத் துடைத்தேன்.
ஒன்பது ஜிபி காலி.
வணக்கம் சொன்னவர் யாருக்கும் காயமில்லை.

பள்ளத்தூர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்று
பழைய எழுத்துருவில் வந்து சேர்ந்தது.
திரையில் மாப்பிள்ளை
jpUtsh;r;nry;td;
என்று கிடந்தான்.
யுனிகோட் மாற்றியில் ஒட்டி ஒரு சொடுக்கு.
திருவளர்ச்செல்வன்
எழுந்து உட்கார்ந்தான்.

பின் நம்பரைச் சீட்டில் எழுதி
போன் கவருக்குள் சொருகாதீர்கள் என்று
தினம் சொல்கிறேன்.
இந்த ரோட்டில் ஏழு பேரின் பின் நம்பர்
எனக்கு மனப்பாடம்.

நேற்று, மழை வரட்டுமா என்று வானம் கேட்டுக்கொண்டிருந்த மதியம்,
உமையாள் ஆச்சி வந்தார்.
ஐம்பதுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி.
கானாடுகாத்தானில் அவர்கள் வீட்டுக்கு
நாற்பத்தெட்டுப் பங்கு.
வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது, வாட்ச்மேன் சம்பளம், படைப்புச் செலவு
எல்லாம் ஒரே ஷீட்டில்,
பங்குக்கு ஒரு வரி.
சிங்கப்பூரில் இருந்தும் திறந்து எழுதலாம்.
நான் போட்டுக் கொடுத்ததுதான்.
எல்லாருக்கும் திருத்தும் அனுமதி வேண்டாம் என்றேன்.
பங்காளிகளுக்குள்ள என்ன என்றார்கள்.

'இருபத்தேழாவது வரியக் காணோம்.'
'யாரோடது ஆச்சி?'
'எங்களுது. அவுக போனதுக்கப்புறம்
எம்பேர்ல மாத்துனது.'
பிறகு, குரல் இறங்கி,
'அழிச்சது யாருன்னு அதுல தெரியுமா?'

தெரியும்.
கோப்பு. பதிப்பு வரலாறு.
வலப்பக்கம் தேதிகள் வரிசையாக இறங்கின.
பிப்ரவரி பதினொன்று, இரவு இரண்டு பதினாலு.
ஊதா நிறத்தில் ஒரு பெயர்.
உமையாள்.

நான் திரையைப் பார்த்தேன்.
அவர் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தார்.
'படைப்புக்கு ஒரு வார்த்த சொல்லல எனக்கு.
ஒரு வரி கொறையுதேன்னு
யாராச்சும் கேப்பாகளான்னு பாத்தேன்.'

ஐந்து மாதம்.
கீழே கூட்டல் தானே கூட்டிக்கொண்டது.
நாற்பத்தேழு பேருக்குக் கணக்கு
சரியாகவே வந்துகொண்டிருந்தது.

'இந்த வரலாற அழிக்க முடியாதா?'
'இதுல முடியாது ஆச்சி.
அன்னிக்கி இருந்தபடி மீட்டெடுக்கலாம்.
ஆனா மத்தவுக அஞ்சு மாசமா எழுதுனது
பூராம் மறஞ்சிரும்.'

ஆச்சி யோசித்தார்.
தேவைக்கு மேல் நீளமாக இருந்தது
அந்த யோசனை.
மீட்டமை பொத்தான் நீலமாகக் காத்திருந்தது.
மின்விசிறி ஒரு பழைய பில்லைப் புரட்டியது.

'வேணாம்.
எங்க வரி மட்டும் போதும்.'

பழைய பதிப்பிலிருந்து நகலெடுத்து
இருபத்தேழில் இடம் விட்டு ஒட்டினேன்.
இருபத்தெட்டிலிருந்து எல்லாரும்
ஒரு படி கீழே இறங்கினார்கள்.
ஷீட்டில் யார் கை வைத்தாலும்
அவருக்கு மெயில் போகும்படி செய்தேன்.
இருபது ரூபாய்.
சில்லறையாகவே கொடுத்தார்.

ஆறு மணிக்கு விளக்குப் போட எழுந்தபோது
அந்த ஷீட் இன்னும் திறந்தே கிடந்தது.
மேல் ஓரத்தில் ஒரு வட்டம், உள்ளே 'மெ'.
மெய்யப்பனோ மெய்யம்மையோ,
அந்த வீட்டில் ஆறு பேர் மெய்.
பச்சைக் கட்டம் ஒன்று
பெயர் பெயராகக் கீழிறங்கி வந்து
இருபத்தேழில் நின்றது.

எதுவும் எழுதவில்லை.
நகரவும் இல்லை.
நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பார்த்துக்கொண்டிருந்தேன்.