முப்பத்தொரு மில்லிமீட்டர்

நேற்று வானம் எவ்வளவு குடித்தது என்று
காலை எட்டரைக்கு எழுதுவது என் வேலை.
சாத்தையாறு அணைக்கரையில்
கம்பிவேலிக்குள் ஒரு வட்டத் தொட்டி.
நாலடி அகலம், முழங்காலுக்குக் கீழே ஆழம்,
மேலே கோழிவலை.
இறங்கிய தண்ணீரைக் குவளையால் அளந்து ஊற்றி
முள்முனை தொட்டதும் நிறுத்த வேண்டும்.
ஊற்றிய கணக்குதான் ஆவியான கணக்கு.
தினக்கூலி. ஞாயிறும் உண்டு,
வெயிலுக்கு ஞாயிறு கிடையாது.

சித்திரையில் இப்போது எட்டு, எட்டரை.
நான் சேர்ந்த வருஷம்
ஆறைத் தாண்டினாலே
மறுபடி அளக்கச் சொல்வார்கள்.

"அப்ப இந்த நிலத்துலருந்தும்
தினம் எட்டு மில்லிமீட்டர் போகுதா சார்?"
உதவிப் பொறியாளர் மிக்கேல் சிரித்தார்.
"தொட்டியில இருக்கு, போகுது.
நிலத்துல இருந்தாத்தானேம்மா போகும்?"

அன்றைக்கு விட்டது
தொட்டிமேல் இருந்த நம்பிக்கை.
கடன்காரன் வரும் நேரம் பார்த்து
நாள் தவறாமல் நிறைந்து உட்கார்ந்திருக்கிறது.
வேலிக்கு வெளியே செம்மண்
வெடிப்பு வெடிப்பாய்க்
கையை விரித்துக் காட்டுகிறது.

நிமிர்ந்தால் சிறுமலை.
இந்தப் பக்கச் சரிவில் முன்பு
பத்து மணிவரை மேகம் எழுந்திருக்காது.
பாறையிடுக்கில் வேர்விட்ட மரங்கள்
ஐப்பசித் தண்ணீரை மாசியில் எடுத்து
இலை இலையாய்க் காற்றுக்குச் சில்லறை கொடுத்தன.
வாங்கிய காற்று ஈரத்தோடு இறங்கி வந்து
என் தொட்டியில் கொஞ்சமாய்க் குடித்தது,
வேறு வீட்டில் சாப்பிட்டவன்
பந்தியில் கை நனைப்பதைப் போல.

அந்த மரங்களில் பாதி இப்போது இல்லை.
இருந்த இடத்தில் பட்டுப்போன எலுமிச்சை,
வண்டி போக ஒரு வெள்ளைக் கோடு.
காற்று வெறும் வயிற்றோடு இறங்குகிறது.

பதினேழாம் தேதி
ஊற்ற ஊற்ற முள் எட்டவில்லை.
குவளையை எண்ணி, தப்பி,
திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.
முப்பத்தொன்று.

வலை உள்ளே குழிந்திருந்தது.
கல்தூண் ஒன்று சாய்ந்திருந்தது.
சிந்திய ஈரத்தில் குளம்படி,
என் உள்ளங்கையை விடப் பெரிசு.
விளிம்பில் ஒரு எச்சில் நூல்
இன்னும் காயாமல்.
"காட்டுமாடு," என்றார் மதகு காவல் ஒச்சு.
"கன்னு வேற கூட வந்திருக்கு, பாரு."

வானத்துக்கு எட்டு போனால்
மாட்டுக்கு இருபத்து மூணு.
இருபத்தாறு லிட்டர், ரெண்டு குடம்.
அதுவும் மூச்சாகும், மூத்திரமாகும்,
காய்ந்து மேலேதான் போகும்,
கொஞ்சம் சுற்றுவழியில்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
காட்டுமாடும் கன்றும், 23.

மிக்கேல் சார் சிவப்பில் அடித்தார்.
"இதையெல்லாம் மேல அனுப்ப முடியாதும்மா.
முந்தின நாள் பிந்தின நாள் சராசரி போடு."
எட்டு புள்ளி இரண்டு.
அந்த ராத்திரி
யாரும் மலையிறங்கவில்லை என்று
மதுரைக்குப் போயிற்று கணக்கு.

வலையை இறுக்கிக் கட்டினேன்.
தூர்வாரியபோது கிடந்த பாதி டிரம்மை
வேலிக்கு வெளியே உருட்டி,
அடியில் கல் முட்டுக் கொடுத்து
ரெண்டு குடம் ஊற்றினேன்.

சில காலை கால்வாசி இறங்கியிருக்கிறது.
சில காலை தகரம் தெரிகிறது.
எது வெயில், எது வாய் என்று பிரிக்க
அதில் முள் கிடையாது,
எழுதப் படிவமும் இல்லை.

நேற்று அடியில் ஒட்டியிருந்தது
ஒரு எலுமிச்சை இலை.
காற்று கொண்டுவந்ததா,
கடைவாயில் இருந்து விழுந்ததா?
கசக்கி மோந்து பார்த்தேன்.
வாசம் இருந்தது.