பேர்தின்னி

உயிர்ப்புள்ளி அறுபத்திரண்டு என்று எழுதி
அடித்துவிட்டு
எழுபது என்று எழுதினேன்.
கன்டெய்னர் யார்டு கேட்பாஸின் பின்பக்கம்.
முன்பக்கத்தில் ஏதோ ஒரு லாரியின் எண்,
படிக்க முடியாத கையெழுத்து.

பிறப்பு: எண்ணூர்ச் சாம்பல் குளம்.
உயரம்: ட்ரெய்லர் டயரைவிட ஒரு சாண் கூட.
நடந்தால் சத்தமில்லை.
கால் பட்ட ஈரம் மட்டும்
தோசைக்கல்லில் தெளித்த தண்ணீராகச் சீறும்.
கண் இரண்டிலும்
மணலிக் குழாய் உச்சியில் விடிய விடிய எரியுமே
அந்தத் தீ.
கடிக்காது.
முகரும்.
முகர்ந்துவிட்டால் உங்கள் பேர் உங்களிடம் இருக்காது.
பேர் போனவர் பகடையைத் தொடக் கூடாது.
சட்டம் என்னுடையது.

கொருக்குப்பேட்டை, சனிக்கிழமை, மொட்டை மாடி.
படகு ஓட்டையை அடைக்கும் ரெசினில்
யூஜின் வார்த்த இருபது முகப் பகடை.
ஏழின் பக்கம் கனம் அதிகம்,
அதனால் பதினான்காகவே விழும்.
பதினான்கு போதாத இரவு அது.

பரோட்டாக் கடை சாத்திவிட்டு வந்த மீரானின் மந்திரவாதி
முதல் சுற்றிலேயே பேரை இழந்தான்.
மீரான் வாயை மூடிக்கொண்டு வேர்க்கடலை உரித்தான்.
யூஜினின் வில்லாளி நாலு உருட்டினான்.
அவனும் போனான்.

மிச்சம் டெல்லிபாபு.
எப்போதோ பதினாலு மாதம்
கார்ப்பரேஷன் நாய்வண்டியில் இருந்தவன்.
அதைப் பற்றிப் பேச மாட்டான்.
வலது முழங்கையில் தழும்பு ஒன்று இருக்கிறது,
அதுவும் பேசாது.

பகடையை எடுத்தான். உருட்டவில்லை.
"காது எப்டி கீது பிலோ?"
காதா?
"நுனில வெட்டு கீதா?"
நான் காதே எழுதியிருக்கவில்லை.
இருக்கு, என்றேன். ஏன் சொன்னேனோ.

"அப்ப ஒருவாட்டி புட்ச்சிருக்காங்க.
ஊசி போட்டு, அறுத்து, தெச்சி,
எட்த்த எடத்துலயே வுட்டுருக்காங்க.
நோட்டுல நம்பர்தான்.
பேரு எழுத கட்டமே கெடையாது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டதாகச் சொன்னான்.
"கிட்ட போறேன். மோந்துக்கட்டும்."
பேர் போயிடும்டா.
"போட்டும்."

கூட்ஸ் வண்டி ஒன்று குறுக்கே வந்தது.
யூஜின் பெட்டிகளை எண்ணத் தொடங்கி
முப்பதுக்குப் பிறகு விட்டுவிட்டான்.
சத்தம் அடங்கும்வரை எல்லோரும்
வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போச்சு, என்றேன்.
உன் பேர் இப்ப அதோட வயித்துல.
பகடையத் தொடாதே.

தொடவில்லை.
வரைபடத்துக்கு வெளியே,
தண்ணீர்த் தொட்டி நிழலைப் பார்த்து
மெதுவாகக் கூப்பிட்டான்:
"டெல்லிபாபு. வாடா."

கேட்பாஸைத் திருப்பிப் பார்த்தேன்.
லாரி எண்தான் இருந்தது.
பேர் அதன் வயிற்றில் இருக்கிறது.
கூப்பிட்டால்
அது வராமல் வேறு யார் வருவது?

வருது, என்றேன்.
வால் ஆடுது, என்றேன். வாலும் எழுதியிருக்கவில்லை.
முன்னங்கால்மேல தலைய வெச்சிப் படுத்துடுச்சி.
மீரான் கடலைப் பொட்டலத்தை
வரைபடத்தின் நடுவில் நகர்த்தி வைத்தான்.
எழுபது புள்ளியும் அப்படியே இருந்தது,
ஒன்றுகூடக் குறையாமல்.

நாலு மணி இருக்கும்.
கீழே மஞ்சுளா.
அவள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.
"டெல்லிபாபு! தண்ணி லாரி வருது, எறங்கு!"

அவன் திரும்பவில்லை.
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல்
தொலிகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான்.

தெருவில்,
வரிசையில் நின்ற குடங்களுக்குப் பின்னால்,
விளக்கு எட்டாத இடத்தில்
ஏதோ எழுந்து உடம்பை உதறியது.

மாடிவரை வந்தது
சாம்பல் வாசம்.