மூன்று விரற்கடை

நேற்று ஞாயிறு. நேற்று வால் இருந்தது.
இன்றும் இருக்கிறது, ஆனால்
முதுகிலிருந்து மூன்று விரற்கடை நேரே நீண்டு
அங்கிருந்து
அடிகுழாயின் கைப்பிடிபோலச்
செங்குத்தாகத் தொங்குகிறது.

ஊர்வே சமையலறை விளக்கைப் போடுகிறாள்.
அக்டோபர் கடைசி. முஹு தீவில் எட்டுக்கு மேல்தான் விடியும்.
டோர்மி தட்டின் முன் உட்காரவில்லை.
உட்காரப் போய், பாதியில் நின்று,
ஒரு பக்கத்தை மட்டும் தரையில் வைக்கிறது,
கடன் கேட்க வந்தவன்
நாற்காலி நுனியில் அமர்வதுபோல.

நாய்வாலை நிமிர்த்த முடியாது என்று
காலங்காலமாகச் சொல்லிவரும் மொழியில் எழுதுகிறேன்.
தானாக விழுந்துபோன வாலுக்கு
அதில் ஒரு சொல் தேடிப் பார்த்தேன். இல்லை.

அவள் படகுத்துறையில் சீட்டு விற்பவள்,
வண்டிகளின் நீளத்தைக் கண்ணாலேயே அளப்பவள்.
அளக்கிறாள்:
மூக்கு ஈரம்.
ஈறு இளஞ்சிவப்பு, அழுத்தினால் வெளுத்து
ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்புகிறது.
பாதத்தை மடக்கிவைத்தால் உடனே புரட்டிக்கொள்கிறது.
வாலின் வேரில் கை பட்டதும்
பல் தெரியாமல் ஓர் உறுமல்;
பிறகு அதற்கு வெட்கப்பட்டு அதே கையை நக்குகிறது.

பக்கத்து வீட்டு ஹெய்னோ வேலியில் சாய்ந்து
கதவில் நசுங்கியிருக்கும் என்கிறான்.
அவன் தங்கை விரியன் என்கிறாள். இந்தக் குளிரில் ஏது விரியன்.
பால் வண்டிக்காரர், யாரும் கேட்காமலே,
முதுகெலும்பு என்கிறார்.
அந்தச் சொல் அடுப்படி வரை கூடவே வருகிறது.

போன வருஷம் அவள் கணவன் வாம்போலா
காப்பிக் கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.
பார்த்தாள். பார்த்து,
மேஜையில் கோப்பை விட்ட வட்டத்தைத்
துடைத்தாள்.

மருத்துவர் கஸ்க் அக்கரையில். வியாழன்தான் படகேறுவார்.
தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.
பின்னால் ஏதோ பூனை யாரையோ திட்டியது.
அப்புறம் ஒரே கேள்வி:
"நேற்று கடலில் இறங்கினானா?"

இறங்கினான்.
நாணலைத் தாண்டி, ஒன்பது தடவை எறிந்த குச்சிக்கு ஒன்பது தடவை.
பத்தாவதை அவள் எறியவில்லை,
அவனே எங்கிருந்தோ கொண்டுவந்து காலடியில் போட்டான்.

"வால்தான் அவனுக்குச் சுக்கான். குளிர்ந்த தண்ணீரில்
ரொம்ப நேரம் திருப்பியிருக்கிறான், வேரில் தசை அயர்ந்துவிட்டது.
கதகதப்பாக வையுங்கள். நாலைந்து நாள்.
மனிதர் மாத்திரை எதுவும் வேண்டாம்.
சிறுநீர் நின்றாலோ பின்னங்கால் இழுத்தாலோ
வியாழனுக்குக் காத்திருக்காதீர்கள்."

திங்கள். செவ்வாய்.
வால் பேசாத வீட்டில்
அவன் சந்தோஷத்தை எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
காதைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள்.
நாய்க்குப் புருவம் உண்டு என்பதே
ஏழு வருஷம் கழித்து இப்போதுதான்.

புதன் இரவு கம்பளிக்கு அடியில் எதுவோ அசைந்தது.
இடப்பக்கம் மட்டும்.

வியாழன், சீட்டறையின் தகரச் சுவரில்
டங், டங்.
படகின் எந்திரம் என்று நினைத்தவர்கள் அவசரமாக வரிசைக்கு வந்தார்கள்.
சாம்பல் நிற வேன், ஐந்து மீட்டர் இருபது.
ஓட்டுநர் இடக்கையால் பணத்தை நீட்டினார்.
ஊர்வே வாங்கவில்லை.
"வலக்கைக்கு என்ன?"
"என்ன?"
"வலக்கை. நேற்று என்ன செய்தீர்கள்?"
அவர் தன் கையை
யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போலத் திருப்பிப் பார்த்தார்.
விறகு பிளந்தேன், என்றார்,
விறகுதான் என்று நினைக்கிறேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.